எண்ணாயிரம் சமணர், எண்ணாயிரம் போஸ்னியர்: இனப்படுகொலைகளை ஒப்பிட்டுப் படிப்பது எப்படி?

இணையத்தில் எந்தப் போரைப் பற்றிப் பேச்சு வந்தாலும் மூன்றாவது கமென்ட்டில் ‘இனப்படுகொலை’ என்ற சொல் வந்துவிடுகிறது. நான்காவது கமென்ட்டில் ‘அப்போ அங்கே நடந்தது மட்டும் என்னவாம்?’ என்று ஒருவர் கிளம்புவார். கடைசியில் எங்கே அதிகம் பேர் செத்தார்கள் என்ற கணக்கில் வந்து நிற்கும்.

கமென்ட் சண்டையைத் தாண்டியும் இந்தச் சொல்லுக்கு இப்போது வேலை இருக்கிறது. இஸ்ரேல் மீது தென்னாப்பிரிக்கா 2023 டிசம்பர் 29 அன்று ஹேக் சர்வதேச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கே இந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான். 2025 செப்டம்பரில் ஐ.நா. மனித உரிமை மன்றம் அமைத்த விசாரணை ஆணையம், காஸாவில் இஸ்ரேல் செய்தது இனப்படுகொலைதான் என்ற முடிவுக்கு வந்தது. இஸ்ரேல் அதை அடியோடு மறுத்தது. இன்னொரு பக்கம், இது பள்ளிப் பாடமாகவே ஆகிவிட்டது. கனடாவின் டொரன்டோவில் 11ஆம் வகுப்பு மாணவர்கள் ஆர்மீனியா, யூதர்கள், ருவாண்டா என்று மூன்று இனப்படுகொலைகளை ஒப்பிட்டுப் படிக்கிறார்கள்.

வரலாறோ சட்டமோ ஊடகவியலோ படிக்கும் மதுரைப் பக்கத்து மாணவர் ஒருவர் இதே தலைப்பை எடுத்தால் எங்கிருந்து தொடங்கலாம்? போலந்து வரை போக வேண்டாம். அழகர்கோவில் பஸ் ஏறினால் போதும்.

அழகர்மலையின் எண்ணாயிரம்

அழகரைக் கும்பிட்டுவிட்டு மேலூர் ரோட்டில் போனால் கிடாரிப்பட்டி. அங்கே அழகர்மலைத் தொடரின் ஒரு குன்றில் பெரிய குகைத்தளம் இருக்கிறது. பாறையில் வரிசையாகப் படுக்கைகள் வெட்டப்பட்டிருக்கும். ஊர்க்காரர்களுக்கு அது பஞ்சபாண்டவர் படுக்கை. உண்மையில் சமண முனிவர்கள் தங்கிய இடம். 2,000 ஆண்டுகளுக்கு மேல் பழைய தமிழிக் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. பொற்கொல்லர், உப்பு வணிகர், துணி வணிகர், ஏர்க் கொழு விற்பவர் என்று முனிவர்களுக்கு உதவிய சாதாரண ஆட்களின் பெயர்கள் பாறையிலேயே பதிவாகியிருக்கின்றன. மதுரையின் பெயரும் அதில் வருகிறது.

மதுரையைச் சுற்றிச் சமணர்கள் இருந்த எட்டு மலைகளை எண்பெருங்குன்றம் என்பார்கள். அந்தப் பட்டியலில் வரும் இருங்குன்றம் அழகர்மலைதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. இந்த எண்பெருங்குன்றத்துச் சமணர்கள் 8,000 பேரும் கழுவேறினார்கள் என்கிறது பெரியபுராணம். கதை பலருக்கும் தெரிந்ததுதான். 7ஆம் நூற்றாண்டு. பாண்டிய மன்னன் முன்னிலையில் திருஞானசம்பந்தருக்கும் சமணர்களுக்கும் அனல் வாதம், புனல் வாதம். தோற்றால் எங்களைக் கழுவேற்றலாம் என்று சமணர்களே ஒப்புக்கொண்டார்கள், தோற்றார்கள், ஏறினார்கள். கோயில் ஓவியங்களில் இந்தக் காட்சி உண்டு. மதுரைக்குப் பக்கத்தில் உள்ள சாமநத்தம் என்ற ஊரின் பெயரே ‘சமணர் ரத்தம்’ என்பதில் இருந்து வந்தது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

சரி, நடந்ததா?

பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டு நூல். சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் அதற்கும் இடையே சுமார் 500 ஆண்டுகள். சம்பந்தரின் பதிகங்களில் சமணர்களை ஏசும் இடங்கள் ஏராளம். ஆனால் 8,000 பேர் கழுவேறிய சேதி அவற்றில் இல்லை. அவருக்குச் சில நூற்றாண்டுகள் கழித்து வந்த நம்பியாண்டார் நம்பியின் பாடல்களில்தான் கழு தலைகாட்டுகிறது. அந்தக் காலத்துக் கல்வெட்டு எதுவும் இதைச் சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவர்களாகச் சொல்லப்படும் சமணர்களின் நூல்களும் பேசவில்லை. இதை வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது, கசப்பான ஒரு கட்டுக்கதை என்ற அளவில்தான் பார்க்க வேண்டும் என்பது நீலகண்ட சாஸ்திரியின் நிலைப்பாடு.

கிடாரிப்பட்டிக் குன்றிலேயே இன்னொரு சாட்சியும் இருக்கிறது. படுக்கைகளுக்குப் பக்கத்தில் பாறையில் செதுக்கிய ஒரு தீர்த்தங்கரர் உருவம். அச்சணந்தி என்ற சமண முனிவர் செய்வித்தது என்று அதன் கீழே வட்டெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். காலம் 9 அல்லது 10ஆம் நூற்றாண்டு. அதாவது எண்பெருங்குன்றத்தில் ஒருவர் மிச்சமில்லாமல் ஒழிந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு 200 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அதே மலையில் சமணர் ஒருவர் ஆள் வைத்துச் சிலை செதுக்கியிருக்கிறார். மதுரையைச் சுற்றிய மற்றக் குன்றுகளிலும் இதே கதைதான்.

பல பேர் இந்த இடத்தோடு நோட்டுப் புத்தகத்தை மூடிவிடுவார்கள். ‘ஆதாரம் இல்லை, கேஸ் முடிந்தது’ என்று. ஆனால் ஆராய்ச்சி செய்பவருக்கு இதற்குப் பிறகுதான் வேலையே ஆரம்பம். 8,000 பேரைக் கொன்றதற்கு ஆதாரம் இல்லாமல் இருக்கலாம். 8,000 பேரைக் கொன்றோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டதற்கு ஆதாரம் கண்முன்னே இருக்கிறது, இலக்கியமாகவும் ஓவியமாகவும். ஒரு சமூகம் தன் எதிரியின் அழிவை எப்படி நினைத்துப் பார்த்தது, அதை ஏன் திருவிளையாடலாகக் கொண்டாடியது என்பது தனி ஆய்வுக்கான கேள்வி. ‘நடந்ததா’ என்ற கேள்வியையும் ‘நடந்ததாக ஏன் சொன்னார்கள்’ என்ற கேள்வியையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

அதே எண், வேறு உலகம்

இப்போது அதே 8,000 என்ற எண்ணோடு ஐரோப்பாவுக்குப் போகலாம். 1995 ஜூலை. போஸ்னியாவில் ஸ்ரெப்ரெனிட்சா என்ற சிறு நகரம். ஐ.நா. பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்து, டச்சுப் படையினரைக் காவலுக்கு நிறுத்தியிருந்த இடம். ராட்கோ மிலாடிச் தலைமையிலான போஸ்னிய செர்பியப் படை உள்ளே நுழைந்தது. பெண்களையும் சிறு பிள்ளைகளையும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியது. ஆண்களையும் பையன்களையும் பிரித்து நிறுத்தியது. சில நாட்களுக்குள் 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள்.

கொன்றவர்கள் அதோடு விடவில்லை. புதைத்த இடங்களைச் சில வாரங்களில் புல்டோசர் வைத்துத் தோண்டி, உடல்களை லாரியில் ஏற்றி வேறு குழிகளில் கொட்டினார்கள். அதனால் ஒரே மனிதரின் எலும்புகள் பல கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த பல குழிகளில் கிடைத்தன. உறவினர்களின் ரத்த மாதிரி எடுத்து, மரபணுவை ஒவ்வொரு எலும்போடும் ஒப்பிட்டுப் பார்த்து, கிட்டத்தட்ட 7,000 பேரைப் பெயரோடு அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஆதாரத்தை அழிக்கச் செய்த வேலையே நீதிமன்றத்தில் ஆதாரமாக நின்றது. இன்றும் ஜூலை 11 அன்று, அந்த ஆண்டில் அடையாளம் தெரிந்தவர்களை அங்கே அடக்கம் செய்கிறார்கள்.

இரண்டு எண்ணாயிரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்ணிக்கை ஒன்றுதான். ஒன்று காவியத்தில் வரும் எண். எட்டுக் குன்றுக்கு எண்ணாயிரம் என்று ஓசை நயத்தோடு பொருந்தி வருகிறது. மற்றொன்று ஒவ்வொரு எலும்பாகச் சேர்த்துக் கூட்டிய எண். எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒப்பிடுவதில் என்ன பிரச்சினை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

இன்னொரு விஷயம். போஸ்னியப் போர் முழுவதிலும் சுமார் ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். ஆனால் சர்வதேச நீதிமன்றம் 2007-ல் தீர்ப்பு சொன்னபோது, ஸ்ரெப்ரெனிட்சாவில் நடந்ததை மட்டும்தான் இனப்படுகொலை என்று ஏற்றுக்கொண்டது. மற்ற இடங்களில் கொடுமைகள் நடந்தன, கொலைகள் நடந்தன, அதற்கான நோக்கம் நிரூபிக்கப்படவில்லை என்றது. ஒரு லட்சத்தில் 8,000 மட்டும் ஏன்?

சட்டம் தேடுவது நோக்கத்தை

‘ஜெனோசைட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நூறு வயதுகூட ஆகவில்லை. போலந்து நாட்டு யூத வழக்கறிஞர் ராஃபேல் லெம்கின் 1944-ல் வெளியான தன் புத்தகத்தில் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அவருடைய உறவினர்களில் 49 பேர் நாஜிகளால் கொல்லப்பட்டவர்கள். 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையை ஏற்றது.

அதன் இரண்டாவது பிரிவுதான் எல்லா வழக்குக்கும் அடிப்படை. ஒரு தேசிய, இன, மரபின அல்லது மதக் குழுவை, முழுமையாகவோ பகுதியாகவோ, அந்தக் குழு என்பதற்காகவே அழிக்கும் நோக்கம் இருக்க வேண்டும். அந்த நோக்கத்தோடு ஐந்து காரியங்களில் எதைச் செய்தாலும் அது இனப்படுகொலை. கொல்வது அதில் முதலாவது மட்டுமே. உடலுக்கும் மனதுக்கும் கடுமையான கேடு செய்வது, உயிர்வாழவே முடியாத நிலைமைக்குத் தள்ளுவது, பிறப்பைத் தடுப்பது, பிள்ளைகளைப் பறித்து வேறு குழுவிடம் ஒப்படைப்பது ஆகியவையும் அதில் வருகின்றன. ஒரு கொலைகூட நடக்காமல் இனப்படுகொலை நடக்கலாம் என்பது பலருக்குப் புதுசாக இருக்கும்.

ஸ்ரெப்ரெனிட்சாவில் பெண்களைக் கொல்லாமல் அனுப்பினார்களே, அப்புறம் எப்படி என்ற கேள்வி நீதிமன்றத்திலும் வந்தது. ஆண்கள் அத்தனை பேரையும் கொன்று, மிச்சப் பேரை விரட்டிவிட்டால் அந்த ஊரில் அந்தச் சமூகம் மறுபடி தழைக்கவே முடியாது, கொன்றவர்களுக்கு அது நன்றாகத் தெரியும் என்று நீதிபதிகள் பதில் சொன்னார்கள். நோக்கத்தை யாரும் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவதில்லை. செய்த காரியத்தின் வரிசையில் இருந்துதான் எடுக்க வேண்டும்.

சட்டத்தின் கண்ணில் படாமல் போனவையும் உண்டு. உடன்படிக்கையின் வரைவில் அரசியல் குழுக்களும் இருந்தன, கடைசியில் நீக்கிவிட்டார்கள். அதன் விளைவைக் கம்போடியாவில் பார்க்கலாம். 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் செத்தவர்கள் 15 லட்சத்துக்கும் மேல். 2018-ல் வந்த தீர்ப்போ, வியட்நாமியர்களையும் சாம் முஸ்லிம்களையும் கொன்றதைத்தான் இனப்படுகொலை என்றது. செத்தவர்களில் மிகப் பெரும்பான்மையான கெமர் மக்களின் சாவு மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்ற தலைப்பில் போனது. கொன்றவர்களும் கெமர், செத்தவர்களும் கெமர் என்பதால்.

இந்தியா 1959-ல் இந்த உடன்படிக்கையை உறுதி செய்தது. ஆனால் உள்நாட்டில் அதற்கென்று சட்டம் இயற்றவில்லை. 1984 சீக்கியர் படுகொலை தொடர்பான வழக்கில் 2018-ல் தீர்ப்பளித்த டெல்லி உயர் நீதிமன்றம் இந்த ஓட்டையை வெளிப்படையாகவே சுட்டிக்காட்டியது.

தமிழில் ஒரு கூடுதல் சிக்கல். ‘படுகொலை’ நமக்குப் பழகிய சொல். அதன் முன்னால் ‘இனம்’ சேர்த்தவுடன், கூட்டமாகக் கொன்றால் இனப்படுகொலை என்று மனசு எடுத்துக்கொள்கிறது. ஈழத் தமிழர்கள் ‘இனஅழிப்பு’ என்ற சொல்லையும் அதிகம் பயன்படுத்துகிறார்கள். கொலையைத் தாண்டிய மற்ற நான்கு காரியங்களுக்கும் இடம் கொடுப்பதால் அந்தச் சொல் இன்னும் பொருத்தம்.

மேலூர்ப் பக்கம் நடந்தது என்ன?

மறுபடி அழகர்மலை அடிவாரத்துக்கு வரலாம். 1755-ல் கர்னல் ஹெரான் தலைமையில் வந்த கும்பினிப் படை, மதுரைக்குப் பக்கத்தில் கோவில்குடிக் கோயிலைத் தாக்கிச் சாமி சிலைகளைத் தூக்கிக்கொண்டு போனது. அழகர்மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நத்தம் கணவாயில் கள்ளர்கள் அந்தப் படையை மறித்து அடித்துச் சிலைகளை மீட்டார்கள். (சித்திரையில் அழகர் கள்ளர் வேடத்தில் ஏன் மதுரைக்குக் கிளம்புகிறார் என்பது வேறு கதை. தொ. பரமசிவன் தன் ‘அழகர்கோயில்’ ஆய்வில் அதை விரிவாக எழுதியிருக்கிறார். கோயில் ஆவணம், திருவிழா, வாய்மொழிக் கதை மூன்றையும் சேர்த்து எப்படி வாசிப்பது என்று கற்றுக்கொள்ள அந்தப் புத்தகம் ஒரு நல்ல பள்ளிக்கூடம்.)

1760களில் கேப்டன் ரம்லி என்பவர் தலைமையில் பெரும்படை ஒன்று மேலூருக்கு வந்தது. வரி கட்ட மறுத்த மேலநாட்டுக் கள்ளர்களை அடக்குவது வேலை. ஊரைச் சுற்றி வளைத்து, வேலிக்குத் தீ வைத்து, வெளியே ஓடி வந்தவர்களை வெட்டியதில் சுமார் 3,000 பேர் இறந்ததாக ஆங்கிலேயர் தரப்பில் எழுதப்பட்ட குறிப்புகளே சொல்கின்றன. வெள்ளலூர் வட்டாரத்தில் மக்கள் சொல்லும் எண் 5,000. பிற்பாடு அந்த மக்களே அவரை ‘ரம்லி சாமி’ என்று அழைத்தார்கள் என்றும் அந்தக் குறிப்பு சேர்த்துக்கொள்கிறது. அடித்தவன் எழுதிய குறிப்பு என்பதை மறக்காமல் படிக்க வேண்டிய வரி அது.

சமணர் கதையோடு ஒப்பிட்டால் இதன் ஆதாரம் எவ்வளவோ பலமானது. கொன்ற தரப்பே எண்ணைச் சொல்கிறது. ஊரும் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் இனப்படுகொலையா என்று கேட்டால் பதில் சுலபமில்லை. கும்பினியின் நோக்கம் கள்ளர் என்ற குழுவை இல்லாமல் ஆக்குவதா, அடித்துப் பணியவைத்து வரி வாங்குவதா? சாதி என்பது உடன்படிக்கை சொல்லும் நான்கு குழுக்களில் எதற்குள் அடங்கும்? ஒரு நல்ல ஆய்வேட்டுக்கு இந்த இரண்டு கேள்வியே போதும். பெரும்பாலானவர்கள் எண்ணிக்கையோடு நின்றுவிடுவதால் இதைத் தொடுவதில்லை.

அதற்கு அடுத்த கட்டம் இன்னும் முக்கியம். 1871-ல் வெள்ளை அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் அது வந்தது. பிறந்த குழந்தையே குற்றவாளி என்று ஒரு குழுவையே பட்டியலில் ஏற்றும் சட்டம். ஆண்கள் ரேகை வைக்க வேண்டும், அனுமதி இல்லாமல் ஊரைத் தாண்டக் கூடாது. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள்.

3,000 பேர் எங்கே, 16 பேர் எங்கே என்று தோன்றலாம். ஆனால் உடன்படிக்கையின் ஐந்து காரியங்களைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், துப்பாக்கிச்சூட்டைவிடச் சட்டத்தின் ஒரு பிரிவு கண்ணை உறுத்தும். பட்டியலில் ஏறிய குழுக்களின் பிள்ளைகளைப் பெற்றோரிடம் இருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் வைக்க 1911 சட்டம் அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளை உறைவிடப் பள்ளிகளில் அடைத்த கதையும் இதே வகைதான். அதை அந்நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-ல் ‘பண்பாட்டு இனப்படுகொலை’ என்று அழைத்தது. ருவாண்டாவிலும் 1994-ல் கத்தி கைக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னாலேயே, பெல்ஜிய ஆட்சியில் ஒவ்வொருவர் கையிலும் ஹுட்டு, டுட்ஸி என்று இனம் குறித்த அட்டை வந்துவிட்டது. சாலையில் மறித்து யாரைக் கொல்வது என்று பார்க்க அந்த அட்டைதான் உதவியது. 100 நாளில் செத்தவர்கள் சுமார் 8 லட்சம்.

பெருங்காமநல்லூர் இன்னொரு ருவாண்டா என்று இதற்கு அர்த்தம் கிடையாது. ஒரு குழுவைப் பெயரிட்டு, பட்டியல் போட்டு, அடையாளம் குத்தும் அரசு இயந்திரம் இரண்டு இடத்திலும் இருந்தது. ஒரு இடத்தில் 1952-ல் இந்திய அரசு சட்டத்தையே ரத்து செய்தது, வேறு பெயரில் கண்காணிப்பு கொஞ்ச காலம் தொடர்ந்தாலும். இன்னொரு இடத்தில் பட்டியல் கொலைக்களமாக மாறியது. ஏன் இங்கே ஒரு மாதிரி, அங்கே வேறு மாதிரி? ஒப்பீட்டு ஆய்வு இந்தக் கேள்விக்காகத்தான்.

முள்ளிவாய்க்கால்: சொல்லுக்காக நடக்கும் போராட்டம்

தமிழ் மாணவர் யாரும் இந்தத் தலைப்பை எடுத்தால் 2009-ஐத் தாண்டிப் போக முடியாது. 2013 மார்ச்சில் சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் தொடங்கிய உண்ணாவிரதம் மதுரை உட்பட மாநிலம் முழுக்கப் பரவி, கல்லூரிகளுக்குக் காலவரையற்ற விடுமுறை விடும் அளவுக்குப் போனது. அன்று பதாகையில் எழுதிய சொல் இனப்படுகொலை.

ஐ.நா. பொதுச்செயலாளரின் நிபுணர் குழு 2011-ல் கொடுத்த அறிக்கை, கடைசிக் கட்டப் போரில் 40,000 பேர் வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்றது. அரசே அறிவித்த பாதுகாப்பு வலயங்கள் மீதும் மருத்துவமனைகள் மீதும் ராணுவம் குண்டு போட்டது, தப்பி ஓட முயன்ற மக்களைப் புலிகள் சுட்டார்கள், இரண்டையும் அது பதிவு செய்தது. 2012-ல் ஐ.நா.வின் உள் ஆய்வு அறிக்கை 70,000க்கும் மேற்பட்டோரின் கணக்கு தெரியவில்லை என்ற தகவலைக் குறிப்பிட்டது. நிபுணர் குழு பயன்படுத்திய சொற்கள் போர்க்குற்றம், மனிதகுலத்துக்கு எதிரான குற்றம். வடக்கு மாகாண சபை 2015 பிப்ரவரி 10 அன்று இனப்படுகொலை என்றே தீர்மானம் போட்டது. 2022 மே 18 அன்று கனடா நாடாளுமன்றம் அந்த நாளைத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக ஏற்றது. இலங்கை அரசு தொடர்ந்து மறுக்கிறது. எந்தச் சர்வதேச நீதிமன்றத்திலும் இதுவரை விசாரணை நடக்கவில்லை.

இதில் இரண்டு பக்கமும் தவறான ஒப்பீடு நடக்கிறது. ‘நீதிமன்றம் சொல்லவில்லையே, அப்போ இல்லை’ என்பது ஒன்று. ருவாண்டாவில் நடந்ததை இனப்படுகொலை என்று ஒரு சர்வதேச நீதிமன்றம் முதலில் சொன்னது 1998-ல்; 1994-ல் அது இனப்படுகொலையாக இல்லாமல் போய்விடவில்லை. ‘செத்தது இவ்வளவு பேர், வேறென்ன வேண்டும்’ என்பது மற்றது. கம்போடியாத் தீர்ப்பைப் படித்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். 1958, 1977, 1983 கலவரங்கள், எரிந்த யாழ்ப்பாண நூலகம், நில அபகரிப்பு, உணவும் மருந்தும் போகாமல் தடுத்தது என்று வரிசையாக அடுக்கி, இதிலிருந்து என்ன நோக்கம் தெரிகிறது என்று கேட்பதுதான் சட்டம் கேட்கும் வேலை. சமணர் கதைக்கு ஆதாரம் தேடி 1,300 ஆண்டு பின்னால் போக வேண்டும். முள்ளிவாய்க்காலுக்குச் செயற்கைக்கோள் படம் இருக்கிறது, உயிரோடு சாட்சிகள் இருக்கிறார்கள். அங்கே ‘ஆதாரம் இல்லை’ என்று கையை விரிப்பதும், இங்கே அப்படி விரிப்பதும் ஒன்றாகாது.

நம்ம பக்கத்துக் கணக்கையும் எடுக்க வேண்டும். 1990 அக்டோபரில் வடக்கு மாகாணத்தில் இருந்த 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அதற்கு முன் ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வெளியேற்றத்துக்குப் பொதுவாகப் பயன்படும் சொல் இனச்சுத்திகரிப்பு. உடன்படிக்கையில் அந்தப் பெயரில் குற்றம் கிடையாது. இந்தப் பக்கத்தை விட்டுவிட்டு எழுதிய ஆய்வேட்டை வெளியில் உள்ள எந்தப் பேராசிரியரும் முதல் கேள்வியிலேயே ஓரம் கட்டிவிடுவார். தமிழர்களின் வழக்குக்கும் அதனால் நஷ்டம்தான்.

வகுப்பறைக்குள் வந்தபோது

டொரன்டோப் பாடத்துக்கு 2008-ல் ஒப்புதல் கிடைத்த காலத்திலேயே சண்டை வந்தது. ஆர்மீனியாவை ஏன் சேர்த்தீர்கள் என்று துருக்கியர்கள் எதிர்த்தார்கள். 1932-33 பஞ்சத்தில் செத்த எங்கள் மக்களை ஏன் விட்டீர்கள் என்று உக்ரைனியர்கள் கேட்டார்கள். எதை ஒப்பிடுகிறோம் என்ற தேர்வே அரசியல்தான்.

அதே ஒன்டாரியோ மாகாணத்தில் 2021-ல் தமிழ் இனப்படுகொலை கல்வி வாரச் சட்டம் நிறைவேறியது. மே 18 வரையிலான ஏழு நாட்கள். சிங்கள அமைப்புகள் வழக்குப் போட்டன. 2022-ல் மாகாண நீதிமன்றமும் 2024-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்றன. 2025 மார்ச்சில் கனடா உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை விசாரணைக்கு எடுக்க மறுத்துவிட்டது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மாகாணத்துக்கு இப்படிச் சட்டம் போட அதிகாரம் உண்டா என்பதுதான் அந்த வழக்கு. நடந்தது இனப்படுகொலையா என்று நீதிமன்றம் தீர்மானிக்கவில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘கனடா கோர்ட் தீர்ப்பு’ செய்திகளில் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்களுக்கோ இது வகுப்பறை விஷயமாக மட்டும் இருந்ததில்லை. வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி 2021 ஜனவரி 8 இரவு இடிக்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். மூன்றே நாளில் மறுபடி அடிக்கல் வைக்கப்பட்டு, ஏப்ரலில் தூபி திரும்ப எழுந்தது.

அதே யாழ்ப்பாணத்தில் செம்மணி இருக்கிறது. 1998-ல் ஒரு கொலை வழக்கில் தண்டனை பெற்ற ராணுவச் சிப்பாய், அங்கே 300, 400 பேர் வரை புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்தில் சொன்னார். 1999-ல் தோண்டியபோது கிடைத்தவை 15 உடல்கள். 2025-ல் அதே வட்டாரத்தில் உள்ள மயானத்தில் மறுபடி தோண்டியபோது, செப்டம்பருக்குள் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளியே வந்தன. குழந்தைகளுடையதும் அதில் உண்டு. ஒரு பள்ளிப் பை கிடைத்தது. ஒரு பொம்மை கிடைத்தது. ஆகஸ்ட் 5 அன்று நீதிமன்ற உத்தரவின் பேரில் துணிகளையும் பொருட்களையும் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். காணாமல் போனவர்களின் குடும்பத்தினர் வரிசையில் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.